வெண்ணெயில் மலரும் ரோஜா

பிறந்தநாள் கேக்கின் மேல் அமர்ந்திருக்கும் ரோஜாப்பூ யாருக்கு என்று குழந்தைகளுக்குள் எழும் பூசலைக் காணாத வீடு இக்காலத்தில் அரிது. பூசலில் வென்ற குழந்தை அப்பூவை ஒருமுறை கடித்துவிட்டு, எஞ்சியதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவதையும் நாம் கண்டிருக்கிறோம். பூ கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. வாயில் கரைய மறுக்கிறது. மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டிக்கொள்கிறது. இதற்குக் காரணம் என்ன, வாயிலிட்டவுடன் கரையும் ரோஜாவை வீட்டிலேயே பிழிந்தெடுப்பது எங்ஙனம் என்பவற்றை இங்கே சிறிது விரிவாகக் காண்போம்.

காரணம் கொழுப்பின் உருகுநிலையில் இருக்கிறது. வெண்ணெய்க் கொழுப்பு ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும். நம் உடலின் வெப்பம் 37 பாகை. ஆகவே வெண்ணெய் நாவில் பட்ட மாத்திரத்தில் நெகிழ்ந்து மறைகிறது. வனஸ்பதியோ 41 பாகை வரையில் உருகாது நிற்கும்படி செய்யப்படலாம் என்பது நம் நாட்டு விதி. கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் காலைமுதல் இரவுவரை இதழ் சாயாமல் நிற்கவேண்டிய பூவுக்கு அது வசதியானது. ஆனால் அலமாரியில் உருகாதது வாயிலும் எளிதில் உருகாது அல்லவா? இன்று பல கடைகளில் கேக்கின் மேல் பூசப்படுவது வெண்ணெயோ பாலேடோ அன்று. தாவர எண்ணெயிலிருந்து ஆக்கிய கிரீமே. கடைக்காரரைக் குறை கூறுவதில் பயனில்லை. வெண்ணெயின் விலையும் வெயிலின் கொடுமையும் அவரை அவ்வழியில் தள்ளுகின்றன. வனஸ்பதி போன்றவற்றில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பதனால், அதன் அளவு நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படலாகாது என்று 2022 சனவரி முதல் மைய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்துள்ளது. அந்த வரையறைக்குள் நின்றாலும், சுவையில் வெண்ணெயோடு அது போட்டியிட இயலாது.

இக்கலையைப் பற்றிப் பேசப் பெங்களூரைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணங்கள் உண்டு. 1809இல் ஆங்கிலேயர் இங்கே படைவீட்டை அமைத்தபோது அவர்களோடு வந்து அல்சூரிலும் சிவாஜிநகர்ப் பகுதியிலும் குடியேறிய தமிழர் பலர். தண்டின் அடுப்புகளில் ரொட்டியும் கேக்கும் வெந்த நாள்தொட்டு இந்நகரத்துக்கு அவை அயற்பண்டங்களாக இல்லை. வெண்ணெயையும் பெங்களூரையும் இணைத்த கதையிலும் ஒரு தமிழர் இருக்கிறார். நீலகிரி மலைப்பாதையில் ஆங்கிலேயருக்குத் தபால் சுமந்த முத்துசாமி முதலியார் 1905இல் வெண்ணெய் வாணிகம் தொடங்கினார். அவர் குடும்பத்தார் 1936இல் அதனைப் பெங்களூர்ப் பிரிகேட் சாலைக்குக் கொண்டுவந்தனர். அதுவே பின்னாளில் நீல்கிரீஸ் என்று பெயர் பரவிய கடை. அக்கடையின் தொடர்போடு 1970களில் தோன்றிய கேக் கண்காட்சி, கிறிஸ்துமஸை ஒட்டிப் பெங்களூரில் ஆண்டுதோறும் நடைபெறும் விழாவாக நிலைத்துவிட்டது. கோபுரங்களும் அரண்மனைகளும் ஆளுயர உருவங்களும் சர்க்கரையில் எழுந்து நிற்பதைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக மக்கள் செல்கிறார்கள்.

அங்கே வாரக்கணக்கில் வாடாமல் நிற்கும் அலங்காரங்கள் வெண்ணெயால் ஆனவை அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். முட்டை வெண்கருவும் பொடித்த சர்க்கரையும் கலந்து கல்போல் இறுகும் ராயல் ஐசிங், மாவுபோல் பிசையும் சர்க்கரைப் பசை ஆகியவற்றால் செய்தவை அவை. கண்காட்சியைப் பார்த்து வந்து, வீட்டில் வெண்ணெயை வைத்துக்கொண்டு அத்தகைய பூவுக்கு முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும். அது பார்ப்பதற்கான பூ. நாம் பேசுவது உண்பதற்கான பூ.

கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதனால், திசம்பர் மாதத்தில் பெங்களூரின் இரவு வெப்பம் 16 பாகையை ஒட்டியும், பகல் வெப்பம் 27 பாகையை ஒட்டியும் நிற்கிறது. வெண்ணெய் உடையாமலும் ஒழுகாமலும் விரல் சொன்னபடி கேட்பது 18க்கும் 21க்கும் இடைப்பட்ட வெப்பத்திலே. ஆகவே மார்கழிக் காலையில் பெங்களூர்ச் சமையலறை இதற்கென்றே வாய்த்தது போலிருக்கும். இங்கும் எல்லா நாளும் அப்படி அன்று. 2016 ஏப்ரலில் இந்நகரின் வெப்பம் 39.2 பாகையைத் தொட்டது. அன்று பூப் பிழிய முயன்றவர் பாயசந்தான் கண்டிருப்பார். வெண்ணெயை உருவாக்கும் கலைக்குக் குளிர்ச்சியே உயிர் என்பதை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்க் காப்புச் சாத்துவது பெரும்பாலும் குளிர்ந்த மாதங்களில்தானே? மைசூர் மாவட்டத்துப் பைலகுப்பையில் குடியேறியுள்ள திபெத்தியத் துறவியரின் மரபிலும் வெண்ணெயால் பூ வடிப்பது உண்டு. விரல்களை அடிக்கடி பனிநீரில் தோய்த்துக்கொண்டே அவர்கள் வேலை செய்வார்கள். நம் சமையலறைக்கும் அந்தக் குறிப்புப் பயன்படும்.

இனி, குழைவைச் செய்யும் முறை. இதற்குப் பட்டர் கிரீம் என்றும் பட்டர் ஐசிங் என்றும் பெயர். உப்பிடாத வெண்ணெய் ஒரு பங்கு, ஐசிங் சர்க்கரை இரு பங்கு. எடை பார்த்து எடுப்பது நல்லது. 250 கிராம் வெண்ணெய்க்கு 500 கிராம் சர்க்கரை என்று கொள்க. கடையில் விற்கும் வெண்ணெயில் குறைந்தது நூற்றுக்கு 80 பங்கு கொழுப்பு உண்டு. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். அந்நீர் நுண்ணிய துளிகளாகக் கொழுப்புக்குள் பிணைந்து கிடப்பதனால்தான் சர்க்கரை அதில் இணங்குகிறது. நெய்யைக் கொண்டு செய்யலாகாதா என்று சிலர் கேட்பதுண்டு. நெய்யில் நீரே இல்லை. சர்க்கரை கரைய இடமின்றி நாவில் நறநறக்கும். வீட்டில் கடைந்தெடுத்த வெண்ணெயின் மணத்துக்கு ஈடில்லை என்றாலும், அதில் மோரும் நீரும் மிகுதியாக நிற்பதனால் அடிக்கும்போது திரிந்துபோகும். அதனையே பயன்படுத்த விரும்புவோர் குளிர்ந்த நீரில் பலமுறை அலசி, மெல்லிய துணியில் கட்டி, நீரை வடித்துவிட்டுக் கொள்ளவேண்டும். எருமை வெண்ணெய் பசுவெண்ணெயைக் காட்டிலும் வெண்மையானது, சற்று இறுகலானது. பூ வேலைக்கு அது உகந்ததே.

வெண்ணெயை மட்டும் முதலில் ஐந்து முதல் ஏழு நிமிடம் அடிக்க வேண்டும். மஞ்சள் நிறம் வெளிறி, நுங்கின் நிறத்துக்கு வரும்வரை பொறுமை வேண்டும். பிறகு சலித்த சர்க்கரையை மூன்று தவணையாகச் சேர்க்கவும். சலிப்பதில் சோம்பல் கூடாது; ஒரு சிறு கட்டி குழல்முனையில் சிக்கினால் இதழ் இரண்டாகக் கிழியும். கடைசியாக ஒரு தேக்கரண்டி பால். எல்லாம் சேர்ந்தபின் இயந்திரத்தின் வேகத்தை மிகக் குறைத்து இரண்டு நிமிடம் சுழலவிட்டால் உள்ளே புகுந்த காற்றுக் குமிழிகள் வெளியேறும். கேக்கின் மேல் பூசும் கிரீமில் காற்று இருக்கலாம், பூவுக்கு ஆகாது. பதம் காண எளிய வழி உண்டு: கரண்டியால் அள்ளித் தலைகீழாகப் பிடித்தால், விழாமல் நிற்க வேண்டும், நுனி மட்டும் தலைகவிழாமல் கூராக நிற்க வேண்டும்.

இதில் முட்டை இல்லை என்பதையும் கவனிக்கலாம். முட்டையில்லாக் கேக்குக்குப் பெங்களூரின் ஐயங்கார் பேக்கரிகள் பெயர்பெற்றவை; அத்தகைய கேக்கின் மேல் இந்த ரோஜாவைத் தயக்கமின்றி வைக்கலாம். முட்டை வெண்கருவையும் சர்க்கரையையும் சூடாக்கி, நுரைக்க அடித்து, வெண்ணெய் சேர்க்கும் சுவிஸ் முறை ஒன்றும் உண்டு. இனிப்புக் குறைந்தது, பட்டுப்போல் வழுவழுப்பானது. கை பழகாதவருக்கு அது வசப்படுவது அரிது, பின்னர் முயலலாம்.

கருவிகள் மூன்றே. ஒன்று, கூம்பு வடிவான பிழியும் பை. இரண்டாவது, இதழ் பிழியும் நாசில். 104 என்ற எண்ணுடையதைக் கேட்டு வாங்குக. அதன் வாய் ஒருபுறம் அகன்றும் மறுபுறம் ஒடுங்கியும், நீர்த்துளியை நீட்டிவிட்டது போல் இருக்கும். சிறு பூவுக்கு 103 போதும். மூன்றாவது, தட்டையான தலையுள்ள பூ ஆணி. கேக் சாமான் கடைகளில் பிளவர் நெயில் என்று கேட்டால் கொடுப்பார்கள். அந்த ஆணியின் தலையில் ஒரு துளி கிரீம் வைத்து, அதன்மேல் சதுரமாக நறுக்கிய பட்டர் தாளை ஒட்டிக்கொள்ள வேண்டும்.

பழக்கமில்லாத வேலை என்று மலைக்க வேண்டாம். துணியில் துளையிட்டு உளுந்து மாவை நிரப்பி, கொதிக்கும் நெய்யில் வட்டம் வட்டமாக ஜாங்கிரி பிழிபவர் செய்வதும் இதே வேலைதான். ஒரு கை அழுத்த, மணிக்கட்டுச் சுழல, கண் அடுத்த வளைவை முன்கூட்டியே பார்க்கிறது. கோலமிடும் விரலுக்கு அழுத்தத்தை ஒரே சீராக வைத்திருக்கும் பயிற்சி முன்பே இருக்கிறது. ஆணியைச் சுழற்றும் இடக்கை ஒன்றுதான் புதிதாகக் கற்கவேண்டியது.

பிழிவதற்கு முன் உண்மையான ரோஜாவை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பெங்களூரில் இருப்பவர் லால்பாகுக்குப் போகலாம். குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி அங்கே கண்ணாடி மாளிகையில் மலர்க்காட்சி நடைபெறும். ஏனையோர் பூக்கடையில் ஒரு பூ வாங்கினால் போதும். அது ஓசூர்த் தோட்டத்துப் பூவாகவும் இருக்கக்கூடும். காட்டு ரோஜாவுக்கு ஐந்தே இதழ். மனிதர் வளர்த்துப் பெருக்கிய ரோஜாவிலோ இதழ் பலப்பல. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், உள்ளிரண்டு இதழ்கள் சேரும் இடத்தை வெளியிதழ் ஒன்று மூடிக்கொண்டு நிற்பது தெரியும். நடுவிலுள்ளவை நிமிர்ந்து இறுகியும், வெளியே வரவரச் சாய்ந்து விரிந்தும் இருக்கும். இவ்விரண்டையும் கண்ணால் கண்டவருக்குச் செய்முறையில் பாதி முடிந்தது.

பையில் கிரீமை ஒரு கைப்பிடி அளவுக்கு மேல் நிரப்பலாகாது. உள்ளங்கையின் வெப்பம் முப்பது பாகையைத் தாண்டியது. பை நிறைய நிரப்பினால் பாதிப் பூவிலேயே கிரீம் இளகிவிடும். இரண்டு பைகளை வைத்துக்கொண்டு, ஒன்று கையிலிருக்கும்போது மற்றொன்றைக் குளிர்பெட்டியில் வைத்து மாற்றி மாற்றி எடுப்பதே அனுபவமுள்ளவர் வழக்கம். முதலில் ஆணியின் நடுவே, நாசில் இல்லாமலோ வட்டவாய் நாசிலாலோ, ஒரு சிறு கூம்பை எழுப்புக. பூவின் உயரம் முழுவதும் இதைப் பற்றியே நிற்பதனால் அடி அகன்றும் நுனி குறுகியும் இருக்க வேண்டும். கூம்பு ஆட்டங்கண்டால் பூவும் ஆடும்.

பின்னர் இதழ் நாசில். அகன்ற வாய் கீழே கூம்பைத் தொட்டிருக்க, ஒடுங்கிய வாய் மேலே இருக்கும்படி பிடிக்க வேண்டும். இதனை மாற்றிப் பிடித்தால் இதழின் ஓரம் தடித்து, அடி மெலிந்து, வாழைப்பூ மடல்போல் ஆகிவிடும். வலக்கையால் பிழிபவர் ஆணியை இடக்கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்து இடஞ்சுழியாகச் சுழற்ற வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ளவருக்கு எல்லாம் எதிர்மாறு. ஒடுங்கிய வாயைச் சற்று உட்புறம் சாய்த்து, கூம்பின் நுனியைச் சுற்றி ஒரு நாடாப்போல் ஒரே சுற்றில் போர்த்துக. அது மொட்டு. மொட்டின் வாய் மிகத் திறந்திருந்தால் பூவுக்கு வயதாகிவிட்டது போலத் தோன்றும். ஊசி நுழையும் அளவு துளை இருந்தால் போதும்.

மொட்டைச் சுற்றி முதல் வரிசையில் மூன்று இதழ். நாசிலை நேராக நிறுத்தி, அடியில் தொடங்கி, ஆணி சுழலும்போதே கையை மேலே எழுப்பி, வளைத்து, மீண்டும் அடிக்கு இறக்குக. வானவில்லின் வடிவம் அது. கை இறங்கி முடிந்தவுடன் அழுத்தத்தை நிறுத்தியபின்பே நாசிலை விலக்க வேண்டும். அழுத்திக்கொண்டே விலக்கினால் வால் தொங்கும். அடுத்த இதழ், முன்னதன் முடிவுக்குச் சற்று உள்ளிருந்து தொடங்கட்டும். இரண்டாம் வரிசையில் ஐந்து இதழ். முதலாவது, உள்வரிசை இதழொன்றின் நடுவிலிருந்து கிளம்ப வேண்டும். அப்போதுதான் உள்ளிருக்கும் மூட்டுகள் மறையும். இங்கே ஒடுங்கிய வாயைச் சற்று வெளிப்புறம் சாய்க்கலாம். மூன்றாம் வரிசையில் ஏழு. இன்னும் சாய்த்து, சற்றுத் தாழ்வாகவே பிழிந்தால் பூ மலர்ந்த நிலை பெறும். மூன்று, ஐந்து, ஏழு என்பது கற்பவருக்காக ஏற்பட்ட கணக்கு. கை தேறியபின் எண்ணிக்கையை விட்டுவிடலாம். இரண்டு வரிசையோடு நிறுத்தினால் அரும்பு, ஓரிதழைக் கொஞ்சம் கோணலாக விட்டால் தோட்டத்துப் பூ. எல்லா இதழும் அச்சில் வார்த்ததுபோல் ஒத்திருக்கும் பூவைவிட அதுவே எனக்கு உயிருள்ளதாகத் தோன்றுகிறது.

இதழின் ஓரம் பல்பல்லாகப் பிளந்தால் கிரீம் மிக இறுகலாக இருக்கிறது என்று பொருள். சில துளிப் பால் சேர்த்து மெல்லக் கிளறினால் சரியாகும். இதழ் குழைந்து கீழே அமர்ந்தால் வெப்பம் ஏறிவிட்டது. சர்க்கரையை அள்ளிப் போட்டுச் சரிசெய்யப் பலர் முயல்கிறார்கள். இனிப்புத்தான் ஏறும். பத்து நிமிடம் குளிரவைத்துவிட்டு, மீண்டும் ஒருமுறை கிளறிக்கொள்வதே முறை. முடிந்த பூவைத் தாளோடு எடுத்து அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் கையால் தூக்கும் அளவுக்கு இறுகும். பிறகு தாளை உரித்து, கேக்கின் மேல் ஒரு துளி கிரீம் இட்டு அதில் அமர்த்தலாம்.

நிறத்தைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. ரோஜா என்றாலே செக்கச்செவேல் என்று நினைக்கிறோம். வெண்ணெயின் மஞ்சளை வென்று இரத்தச் சிவப்பு வரவேண்டுமானால் சாயத்தை மிகுதியாகக் கொட்ட வேண்டும். அது கசக்கவும் செய்யும், குழந்தையின் நாக்கையும் பல்லையும் நனைக்கவும் செய்யும். 2024இல் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறையினர் பெங்களூரில் 235 கேக் மாதிரிகளைச் சோதித்ததில், 12 மாதிரிகளில் செயற்கை நிறங்கள் தீங்கு தரும் அளவில் இருந்ததாக அறிவித்தனர். ரெட் வெல்வெட் போன்ற செந்நிறக் கேக்குகள் அப்போது முக்கியமாகப் பேசப்பட்டன. எஞ்சிய 223 குறையற்றவை என்பதையும் மறக்கலாகாது. ஆயினும், வீட்டிலிருந்தபடி கேக் செய்து விற்று வருவாய் தேடும் நம் பெண்மணிகள் இன்று ஊர்தோறும் இருக்கிறார்கள். அவர்களைச் சோதிக்க அதிகாரி வருமுன் அவர்களே தங்களைச் சோதித்துக்கொள்வது நலம். உணவுக்கென அனுமதி பெற்ற நிறத்தை, அதுவும் பசைவடிவில் உள்ளதை, பல்குத்தும் குச்சியின் நுனியால் தொட்டுச் சேர்த்தால் போதும். நீர்வடிவச் சாயம் கிரீமை இளக்கிவிடும். கலந்து ஒருமணி நேரம் மூடிவைத்தால் நிறம் தானே சற்று ஆழமாகும் என்பதனால் முதலில் குறைவாகவே சேர்க்கவேண்டும். இளஞ்சிவப்பு, சந்தன நிறம், வெண்ணெயின் சொந்த மஞ்சள் ஆகிய மூன்றிலும் இயற்கையிலேயே ரோஜா உண்டு. வாடிக்கையாளர் கருஞ்சிவப்பே வேண்டுமென்று வற்புறுத்தினால், தோட்டத்துப் பூவொன்றைத் தட்டில் கேக்கின் பக்கத்தில் வைத்துக்கொடுப்பதே நேர்மை.

பம்பாய் போன்ற கடலோரப் புழுக்கத்தில் வாழ்வோர் பெங்களூர் முறையை அப்படியே பின்பற்ற இயலாது. விடியற்காலையில் பிழிவது, பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரின்மேல் வைத்துக்கொள்வது ஆகியவை ஓரளவு உதவும். அதற்கும் அடங்காத வெயிலில், உருக்கி ஆறவைத்த வெள்ளைச் சாக்லெட்டை வெண்ணெயின் எடையில் கால்பங்கு சேர்த்தால் பூ உறுதியாக நிற்கும். கொக்கோ வெண்ணெயும் வாயின் வெப்பத்தில் உருகுவதே என்பதனால் சுவை கெடுவதில்லை. ஆனால் உறையில் கொக்கோ வெண்ணெய் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குக. காம்பவுண்டு என்று விற்பதில் பெரும்பாலும் வேறு தாவரக் கொழுப்பே இருக்கும். பழைய மெழுகுச் சுவை பின்வாசல் வழியாக வந்துவிடும்.

கேக்கை வேறிடத்துக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். மடி சரிவானது, வெப்பமானதும்கூட. வண்டியின் தரைமட்டத்தில் சமமாக வைப்பதே பாதுகாப்பு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பூவின்மேல் வியர்வைபோல் நீர் முத்திடும்; அதனைத் துடைக்க முயன்றால் நிறம் கலையும், தானே உலரவிட வேண்டும். குளிர்ந்து இறுகிய வெண்ணெயும் நாவில் கரையாது என்பதனால், கேக்கை வெட்டுவதற்குச் சற்று முன்பே வெளியே எடுத்து வைப்பது அவசியம். பெங்களூர்த் திசம்பரில் அதற்கு ஒருமணி நேரம் ஆகும். பம்பாயின் மே மாதத்தில் கால்மணி போதும்.